உடலற்ற மூளை

உடலிலிருந்து பிரித்தெடுத்த மூளைக்கு வெளியிலிருந்து குருதி ஊட்டி, அதை உயிருடன் வைத்திருக்கும் முயற்சிக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. வெட்டிய தலையை முழுதாகக் காக்கும் சோதனைகளும் இதே வரலாற்றில் அடங்கும்.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம், அதாவது உடலெடையில் 2 சதவீதம். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. நாளைக்கென்று அது எதையும் சேர்த்துவைப்பதில்லை. குருதியோட்டம் நின்றால் பத்து நொடி அளவில் நினைவு தப்புகிறது. சில நிமிடங்களில் நரம்பணுக்கள் சிதையத் தொடங்குகின்றன. எனவே ஆய்வகங்கள் பெரும்பாலும் பம்பு, உறையாத குருதி, குளிர் ஆகிய மூன்றோடுதான் போராடின. அந்த மூளைக்குள் யாரேனும் இருக்கிறாரா, இருந்தால் அவருக்கு வலிக்கிறதா என்ற கேள்வியை நெடுங்காலம் சுமந்தவர்கள் கதாசிரியர்களே.

இந்த எண்ணத்தைத் தெளிவாக முதலில் எழுதிவைத்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் லெகல்லுவா. தலை துண்டித்த முயல்களில் சோதனை செய்த அவர், இதயத்தின் வேலையை வேறொன்று ஏற்றுத் தமனிக் குருதியை இடைவிடாமல் செலுத்துமானால் உடலின் எந்தப் பகுதியையும் உயிரோடு வைத்திருக்கலாம் என்று 1812இல் வெளியான நூலில் வாதிட்டார். மொரீஷியஸில் பிறந்த உடலியங்கியல் அறிஞர் பிரவுன்-செகார் 1850களின் பிற்பகுதியில் அதைச் செய்து பார்த்தார். வெட்டிய நாயின் தலைக்குள் சில நிமிடங்கள் கழித்து ஆக்சிஜன் ஏறிய குருதியைச் செலுத்தியபோது கண்களும் முகத் தசைகளும் அசைந்தன. 1880களில் லபோர்ட் என்ற மருத்துவர் கில்லட்டினில் வெட்டுண்ட கைதிகளின் தலைகளிலேயே இதை முயன்றார். தலை அவர் கைக்கு வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும் என்பதால் பெரிதாக ஒன்றும் தெரியவரவில்லை.

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஹேமன்ஸ் என்ற தந்தையும் மகனும் செய்த சோதனைகளின் நோக்கம் வேறு. ஒரு நாயின் தலைக்கும் உடலுக்கும் இடையே நரம்பிணைப்பை மட்டும் விட்டுவிட்டு, தலைக்கு இன்னொரு நாயின் குருதியை ஊட்டினார்கள். மூச்சின் வேகத்தை உடல் எப்படித் தீர்மானிக்கிறது என்பதை அறியவே இந்த ஏற்பாடு. மகன் கார்னெய் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

உலகின் கண்ணை இந்தத் துறையின் பக்கம் திருப்பியவர் சோவியத் மருத்துவர் செர்கேய் பிரியுகோனென்கோ. 1920களில் அவர் உருவாக்கிய 'ஆட்டோஜெக்டர்' இரண்டு பம்புகளால் ஆனது. ஒன்று குருதியைத் தமனிக்குள் தள்ளும். மற்றது சிரையிலிருந்து இழுக்கும். வேறொரு நாயின் நுரையீரல் அந்தக் குருதிக்கு ஆக்சிஜன் ஏற்றித் தரும். 1928இல் அறிஞர்கள் முன்னிலையில் காட்டப்பட்ட நாய்த்தலை, ஒளி பட்டால் கண்ணை மூடியது. உதட்டில் தடவிய புளிப்பை நக்கியது. 1940இல் இது பற்றி எடுத்த திரைப்படத்துக்கு முன்னுரை பேசியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன், பின்னாளில் இந்தியாவில் குடியேறிப் புவனேஸ்வரில் மறைந்தவர் அவர்தான். படத்தில் உள்ள காட்சிகள் எல்லாம் அப்படியே நடந்தவையா, படத்துக்காக மறுபடி நடித்துக் காட்டியவையா என்ற ஐயம் இன்றும் உண்டு. சோதனைகள் நடந்ததில் ஐயமில்லை. இன்றைய திறந்த இதய அறுவைக்கு உதவும் இதய-நுரையீரல் கருவியின் முன்னோடிகளில் ஆட்டோஜெக்டரும் ஒன்று. பிரியுகோனென்கோவுக்கு உரிய பெருமை அந்தத் தலையால் அல்ல, இந்தக் கருவியால்தான் வர வேண்டும் என்பேன்.

அதே நாட்டில், அதே ஆண்டுகளில், அலெக்சாந்தர் பெல்யாயெவ் ஒரு கதை எழுதினார். முதுகெலும்புக் காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர் அவர். 'பேராசிரியர் டோவெலின் தலை' 1925இல் சிறுகதையாகவும் 1937இல் நாவலாகவும் வந்தது. டோவெல் இறந்ததும் அவருடைய உதவியாளராக இருந்த கெர்ன் தலையை மட்டும் உயிர்ப்பித்து வைத்து, அதன் அறிவைப் பிழிந்து தன் பெயரில் புகழ் தேடுகிறார். தொண்டைக்குக் காற்றைச் செலுத்தும் ஒரு குழாய் உண்டு. அதன் திருகைத் திறந்தால்தான் தலை பேச முடியும், திறப்பதற்கு அனுமதியில்லை. உடலற்ற மூளை பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றிலும் இந்த ஒரு திருகுதான் என்னை ஆழமாகத் தைத்தது. உயிரைக் காப்பவர் கையிலேயே குரலும் சிக்கிக்கொள்ளும் கொடுமையை எந்த ஆய்வறிக்கையும் அதுவரை பேசியதில்லை.

மேற்கில் கற்பனை வேறு திசைகளில் ஓடியது. இயற்பியலாளர் ஜே. டி. பெர்னல் 1929இல் எழுதிய சிறுநூலில், மனித மூளைகள் உருளைக்கலன்களில் நெடுங்காலம் வாழ்ந்து ஒன்றோடொன்று இணையும் எதிர்காலத்தை விருப்பத்தோடு வரைந்தார். இரண்டே ஆண்டில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் அதே உருளைக்கலனைப் பேய்க்கதையாக்கினார். கர்ட் சியோட்மாக்கின் 'டோனவனின் மூளை' நாவலில் (1942) தொட்டியில் கிடக்கும் கோடீஸ்வரரின் மூளை, தன்னைக் காத்த மருத்துவரையே ஆட்டிப்படைக்கிறது. ரோல்ட் டாலின் 'வில்லியமும் மேரியும்' கதையில் இறந்த கணவனின் மூளையும் ஒற்றைக் கண்ணும் மட்டும் எஞ்சுகின்றன. வாழ்நாள் முழுதும் அடக்கிவைத்த கணவன் இனி எதையும் தடுக்க முடியாது என்று கண்டுகொண்ட மனைவி, அந்தக் கண்ணுக்கு முன்னால் புகைபிடிக்கிறாள். மெய்யியலார் இந்தத் தொட்டியைப் பிற்பாடு கடன் வாங்கினர். ஹிலரி புட்னம் 1981இல் முன்வைத்த 'தொட்டி மூளை' வாதம் புகழ்பெற்றது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராபர்ட் ஒயிட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் 1963இல் ரீசஸ் குரங்கின் மூளையை மண்டையோட்டிலிருந்து முழுதாகப் பிரித்தெடுத்து, எந்திரம் வழியாகவும் வேறொரு குரங்கின் குருதியாலும் மணிக்கணக்கில் இயங்க வைத்தார். மின்னலைகள் பதிவாயின. கண்ணும் காதும் தோலும் போய்விட்ட அந்த மூளை விழித்திருந்ததா என்பதை அந்த அலைகளால் சொல்ல முடியாது. இத்தாலிய இதழாளர் ஒரியானா ஃபல்லாச்சி 1967இல் அவருடைய ஆய்வகத்தைப் பற்றி எழுதியபோதுதான் பொதுமக்கள் பலர் இதை அறிந்தார்கள். 1970இல் ஒயிட் ஒரு குரங்கின் தலையை இன்னொரு குரங்கின் உடலில் பொருத்தினார். தலை கண் விழித்தது, அசைவைப் பார்வையால் பின்தொடர்ந்தது, கடிக்க வந்தது. தண்டுவடம் இணையாததால் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. நெடுநாள் அது பிழைக்கவும் இல்லை. ஒயிட் ஆழ்ந்த கத்தோலிக்கர். மூளையே ஆன்மாவின் இருப்பிடம் என்று நம்பியவர். மூளையைக் குளிரூட்டிக் காப்பது பற்றிய அவருடைய ஆய்வு அறுவை மருத்துவத்துக்குப் பயன்பட்டதை மறுக்க முடியாது. ஆனாலும் கடிக்க வந்த அந்தக் குரங்கு தன் நிலையைத் தன்னால் இயன்ற ஒரே வழியில் சொல்லிவிட்டது என்றே நான் கொள்கிறேன்.

யேல் பல்கலைக்கழகத்தில் நெனாட் செஸ்டான் குழு 2019இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில்தான் போக்கு மாறியது. இறைச்சிக்கூடத்தில் கொல்லப்பட்ட பன்றிகளின் 32 மூளைகளை எடுத்து, இறந்து 4 மணி நேரத்துக்குப் பிறகு, 'பிரெய்ன்எக்ஸ்' என்ற கருவியில் இணைத்தார்கள். உயிரணுக்கள் இல்லாத, ஆக்சிஜன் சுமக்கும் ஒரு திரவம் 6 மணி நேரம் மூளைக்குள் ஓடியது. குருதிக்குழாய்கள் மருந்துக்கு விரிந்து கொடுத்தன. உயிரணுக்கள் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் பயன்படுத்தின. மூளை முழுவதும் பரவும் மின்னலை மட்டும் தோன்றவில்லை. தோன்றக் கூடாது என்பதற்காகவே நரம்பணுக்களின் செயலைத் தடுக்கும் மருந்தும் திரவத்தில் கலக்கப்பட்டிருந்தது. உணர்வின் அறிகுறி தென்பட்டால் உடனே மயக்க மருந்து கொடுத்துக் குளிரூட்டி நிறுத்தவும் ஆயத்தமாக இருந்தார்கள். ஒயிட் வெற்றியாகக் கருதிய மின்னலையை இவர்கள் முன்கூட்டியே விலக்கினார்கள்.

முழு மூளையை எடுக்காமல், மூளைத் திசுவை ஆய்வகத்திலேயே வளர்க்கும் முயற்சியும் நடக்கிறது. 2013இல் வியன்னாவில் ஸ்டெம் செல்களிலிருந்து சில மில்லிமீட்டர் அளவுள்ள மூளைத் திசு உருண்டைகளை வளர்த்தார்கள். அவற்றைப் போன்றவை இன்று பல ஆய்வகங்களில் உள்ளன. குருதிக்குழாய் இல்லாததால் அவை ஓரளவுக்கு மேல் வளர்வதில்லை.

யேல் ஆய்வு வெளியானதும் மூளைச்சாவு பற்றிய அச்சம் சிலருக்கு எழுந்தது. அதே 'நேச்சர்' இதழில் அறநெறி அறிஞர்கள், மூளையை மீட்கும் முயற்சிக்கும் உறுப்புகளைத் தானமாகப் பெறும் நடைமுறைக்கும் இடையே எதிர்காலத்தில் இழுபறி வரலாம் என்று எச்சரித்தனர். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தை 2008 முதல் அரசே நடத்திவரும் தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. ஆனால் அந்தப் பன்றி மூளைகளில் நினைவு திரும்பவில்லை. திரும்பக்கூடும் என்பதற்கான சான்றும் கிடைக்கவில்லை. இந்தியாவில் மூளைத்தண்டுச் சாவை உறுதிசெய்ய 1994ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர் குழுவைக் கட்டாயமாக்குகிறது. சோதனைகளைக் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். யேல் முடிவுகளால் அந்த விதி எதுவும் பொய்யாகிவிடவில்லை. உறுப்பு தானத்துக்குச் சம்மதித்த குடும்பங்கள் தம் முடிவை நினைத்துக் கலங்க வேண்டிய காரணமும் அவற்றில் இல்லை.