வாடகைப் பாதுகாப்பின் நில எல்லை: எளாவூரை முன்வைத்து

குறைந்த வருவாயுடைய வாடகைதாரருக்குத் தமிழகத்தில் அரசு அளித்த ஆதரவு, நெடுங்காலம் உதவித்தொகையாக அன்றி வாடகைக் கட்டுப்பாடாகவே அமைந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ஆணைகளில் தொடங்கிய இக்கட்டுப்பாடு 1946, 1949, 1960ஆம் ஆண்டுச் சட்டங்களால் நிலைபெற்றது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகையை நிர்ணயிக்க வழிசெய்தது. எனினும் அது சென்னை, மதுரை, நகராட்சிகள் ஆகியவற்றுக்கே நேரடியாகப் பொருந்தியது. பிற பகுதிகளுக்கு அரசின் தனி அறிவிக்கை தேவைப்பட்டது.

1971இல் சிப்காட் நிறுவப்பட்டபின் தொழிற்பேட்டைகள் பெரிதும் நகர எல்லைகளுக்கு வெளியே வளர்ந்தன. கும்மிடிப்பூண்டியை அடுத்து, ஆந்திர எல்லையோரம் அமைந்த எளாவூர் ஊராட்சி இத்தகைய நிலப்பரப்பைச் சார்ந்தது. ஆலை சென்ற இடங்களுக்கெல்லாம் சட்டம் தானாகச் செல்லவில்லை.

22.2.2019இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், நியாய வாடகைக்கு மாற்றாக ஒப்பந்த வாடகையை ஏற்றது. 2020இல் மத்திய அரசு அறிவித்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம் கட்டடத்தை ஆதரித்ததேயன்றி வாடகைதாரரின் கைக்குத் தொகை வழங்கவில்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியின் பயனும் அவ்வட்டாரத்திற்கே உரியது. பிரிட்டனின் வீட்டு உதவித்தொகை வாடகைதாரரைச் சார்ந்தது. இங்கோ ஆதரவு இடத்தைச் சார்ந்தது. ஆகவே ஒத்த ஊதியம் பெறும் இரு தொழிலாளருள் யாருக்குப் பாதுகாப்பு என்பதை வறுமையினும் ஊரின் நிர்வாகத் தகுதியே தீர்மானித்து வந்துள்ளது.