மதுவம் ஈந்த காவற் புரதம்

சித்தாண்டி முதலான மட்டக்களப்பு வாவிக் கரையூர்களில், கண்ணும் நகமும் மஞ்சள் பூத்தவரைச் செங்கமாரி கண்டவர் என்பர். வயலோரத்துக் கீழ்க்காய்நெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்துக் கொடுப்பது பழைய வழக்கம். பலர் தேறினர், சிலர் தேறவில்லை. காரணம், ஒரு பெயருக்குள்ளே பல நோய்கள் அடங்கியிருந்தன. நீராலும் உணவாலும் தொற்றித் தானே தணிவதும் உண்டு. குருதியாலும் பிறப்பின்போது தாயிடமிருந்தும் தொற்றி, ஆண்டுக்கணக்கில் ஈரலிலே ஒளிந்திருந்து அதனைக் கெடுப்பதும் உண்டு. பின்னது ‘பி’ வகை ஈரலழற்சி. அதனைத் தடுக்கும் வழி, வேறொன்றைத் தேடியவரின் கையிலே அகப்பட்டது.

அமெரிக்கரான பரூக் புளும்பேர்க் 1960களின் தொடக்கத்தில் ஆராய்ந்தது மஞ்சள் நோயையன்று. மக்களிடையே காணும் பரம்பரை வேறுபாடுகளையே. பலமுறை பிறர் குருதி ஏற்றப்பெற்ற நோயாளி ஒருவரின் குருதிநீர், அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதிநீரோடு கலந்தபோது ஒரு கோடாய்ப் படிந்தது. 1965இல் அவர் அதனை அறிவித்தார். பின்னரே அப்படிவு வைரசொன்றின் புறவுறைப் புரதத்தால் வந்ததென்பது தெளிவாயிற்று. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்புரதமே தடுப்புமருந்துமாயிற்று. ஆயின் அதனைப் பெற வழி ஒன்றே இருந்தது: நோய்காவிகளின் குருதியிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மை செய்தல். அமெரிக்கா 1981இல் அம்மருந்துக்கு அனுமதி அளித்தது. எயிட்சு நோய் தலைகாட்டிய அக்காலத்தில், பிறர் குருதியிலிருந்து வந்த மருந்தை மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

அவ்வச்சத்தை நீக்கியது அப்பமாவைப் பொங்கச்செய்யும் மதுவம். வில்லியம் றட்டர், பப்லோ வலென்சுவேலா, பெஞ்சமின் ஹோல் முதலியோர், புறவுறைக்குரிய பரம்பரையலகை மட்டும் வைரசிலிருந்து எடுத்து மதுவக் கலத்துட் புகுத்தினர். 1982இல் அதனை வெளியிட்டனர். மதுவம் பெருகப் பெருகப் புரதமும் பெருகிற்று. அது சிறு உருண்டைகளாய்த் தானே திரண்டது. உள்ளே வைரசின் வித்து இல்லை, எனவே நோயும் இல்லை. 1986இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அம்மருந்து, பரம்பரையலகு இணைப்பால் மாந்தர்க்கென ஆக்கப்பட்ட முதல் தடுப்புமருந்தாகும். ஆய்கூடத்திலும் அப்புரதத்துக்கு வேலையுண்டு. சிறு குழிகளிலே அதனைப் பூசி ஒருவரின் குருதிநீரை இட்டால், அவருடலில் பிறபொருளெதிரி உள்ளதா, எவ்வளவு உள்ளதென அளக்கலாம்.

கீழ்க்காய்நெல்லியையும் இப்புரதமே சோதித்தது. புளும்பேர்க்கும் பங்குகொண்ட சென்னை ஆய்வொன்று 1988இல் வெளிவந்தது. மூலிகை உண்ட நோய்காவிகள் 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து புரதம் மறைந்தது. போலிமருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பிற்கால ஆய்வுகள் அப்பயனை உறுதிசெய்யவில்லை. ஆயினும், முன்னோர் மருந்தென்று போற்றுவதோடு நில்லாமல் அளந்துபார்த்தமை பாராட்டற்குரியது.

இறக்குமதி மருந்தின் விலையோ ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது. ஐதராபாத்திலே வரபிரசாத் ரெட்டி என்னும் பொறியியலாளர் தொடங்கிய சாந்தா நிறுவனம், 1997இல் மதுவத்தாலேயே அம்மருந்தை ஆக்கி மிகக் குறைந்த விலையில் விற்றது. இலங்கை 2003இல் இதனைக் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. 2008இல் ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசியுள் இது அடங்கிற்று. வயலிலே நாட்கூலிக்குச் செல்லும் தாயின் குழந்தைக்கும் இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் அவ்வூசி விலையின்றி ஏற்றப்படலாயிற்று.