தோட்டாக் கூட்டின் கதை

வீட்டில் பித்தளை எங்கே இருக்கிறது என்று கேட்டால், சாமி மேடையிலுள்ள குத்துவிளக்கையும் பாட்டி ஊரிலிருந்து கொண்டு வந்த செம்பையும் காட்டுவோம். துப்பாக்கித் தோட்டாவின் கூடும் பித்தளைதான். ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தச் சிறு கூட்டின் வரலாறு கல்கத்தாவில் தொடங்கி நம் தோட்டத்து லயங்கள் வரை வந்து சேர்கிறது.

தொடக்கத்தில் தோட்டாவுக்கு உலோகக் கூடு கிடையாது, காகித உறைதான். சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, குண்டை உள்ளே தள்ள வேண்டும். 1857-ஆம் ஆண்டு ஜனவரியில், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம்மில், புதிய என்ஃபீல்டு தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகப் பேச்சுப் பரவியது. மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரை வீரர்களைச் சிறையிலிட்டார்கள். மே 10-ஆம் நாள் கிளர்ச்சி மூண்டது. அந்தக் கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் பல இருந்தன. எல்லாவற்றையும் தோட்டாவின் தலையில் கட்டுவது நமக்குச் சரியாகப் படவில்லை.

அதன்பின் பத்தாண்டுகூட ஆகவில்லை. இங்கிலாந்தின் ஊல்விச் ஆயுதச் சாலையில் எட்வர்டு பாக்ஸர் என்னும் அதிகாரி, 1866-இல் பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த தோட்டாவைக் கொண்டு வந்தார். பிறகு ஒரே பித்தளை வில்லையை அழுத்தி இழுத்துக் கூடாக்கும் முறை வந்தது. பித்தளையின் பெருமை இதுதான்: மருந்து எரியும்போது கூடு விரிந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும், நெருப்பும் புகையும் பின்னால் சுடுபவர் பக்கம் வராது. அழுத்தம் தணிந்ததும் மயிரிழை சுருங்கி, எடுப்பதற்கு இடம் கொடுக்கும்.

ஆனால் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்கு ஒரு புதிர் காத்திருந்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், யாரும் சுடாமலே, தாமாக விரிசல் கண்டன. மழைப் பருவத்தில் வந்ததால் அதற்குப் ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வைத்தார்கள். நெடுங்காலம் காரணம் பிடிபடவில்லை. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் 1921-இல் அதை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாதான் குற்றவாளி. ரப்பர்த் தோட்டத்தாருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டுமா? பால் உறையாமலிருக்க ஊற்றுவோமே, மூக்கைத் துளைக்குமே, அதே அமோனியா! ஈரக் காற்றோடு அது சேர்ந்து, இழுத்து இறுக்கிய பித்தளையைப் பிளந்துவிட்டது.

பித்தளையைத் தட்டத் தட்ட இறுகும்; உள்ளுக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடும். அதை அளவாகச் சூடாக்கினால் அந்த இழுவிசை தணியும். மருந்து நிரப்புவதற்கு முன்பே கூட்டை இப்படிப் பதப்படுத்தியதும், லாயத்திலிருந்து தள்ளி வைத்ததும் நோயைத் தீர்த்தன. பானை அடிக்கும் கன்னார் நடுநடுவே அதை உலையில் காட்டி எடுப்பது எதற்கு என்பதும் இப்போது விளங்கும்.

சுட்ட கூட்டை மறுபடி நிரப்புவோருக்கும் இதே பாடம்தான். ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு விரிகிறது, நீள்கிறது, கழுத்து இறுகுகிறது. ஆகவே அதைத் துடைத்து, அடியிலுள்ள பழைய வெடிமூடியைத் தள்ளி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, நீண்ட கழுத்தை வெட்டிய பிறகே நிரப்புகிறார்கள். விசையை ஒருமுறை அழுத்த ஒரு குண்டு பாய்ந்து, அடுத்த தோட்டா தானே ஏறும் துப்பாக்கியானால் வேலை இன்னும் கூடும். அவசரகாலத்தில் நம் போலீசார் பலர் தூக்கிய அமெரிக்க எம்-1 கார்பைன் இந்த வகை. அது வெறுங்கூட்டை வெடுக்கென்று பிடுங்கிப் புல்லில் எறிந்துவிடும். அளவு தவறிய கூடு அதற்குள் சிக்கிக்கொள்ளும்; மருந்து மிகுந்தாலோ துப்பாக்கியே சுடுபவர் முகத்தில் வெடிக்கும்.

அமெரிக்காவில் இதை வீட்டிலேயே பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். இங்கிலீஷ்காரர் பாக்ஸரின் வெடிமூடி சுலபமாகக் கழல்வதால் அவர்களுக்கு அதுவே வசதி. அமெரிக்கர் பெர்டன் செய்த மூடியோ பிரிட்டிஷ் பட்டாளத்துக்குப் போய்ச் சேர்ந்தது, வேடிக்கையான பண்டமாற்றுதான்! பிரிட்டிஷ் .303 தோட்டாவில் வேறொரு தடையும் உண்டு. நீலகிரியின் அருவங்காட்டு ஆலையில் செய்த கார்டைட் மருந்து சேமியா போல் நீள நீளமாக இருக்கும். அதைக் கட்டாக உள்ளே வைத்த பிறகுதான் கூட்டின் கழுத்தைக் குறுக்குவார்கள். மறுபடி அந்தச் சேமியாவை எப்படி நுழைப்பது? நம் நாட்டிலோ, 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்வதே குற்றம்.

அதற்கு முன்பு இருந்த சட்டம் இன்னும் கடுமை. 1948 ஜூன் 16-இல் நம் பேராவின் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. தெலுக் இந்தானுக்கு அப்போது தெலுக் ஆன்சன் என்று பெயர். காட்டிலிருந்தவர்களுக்குத் தோட்டா ஆலை ஏது? உலகப்போரில் கிடைத்த இருப்புதான். அது வெளியிலிருந்து போய்ச் சேராமல் தடுக்க, அனுமதியின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் மரண தண்டனை என்றார்கள். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கூறப்பட்டு, 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு கேட்டுக்கொண்டும் பயனில்லை.

ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவம் என்பவரின் வழக்கு வேறு விதமாக முடிந்தது. தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கி பற்றி மட்டும் மறுவிசாரணை நடந்து, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த விசாரணையில் அரசுத் தரப்பு காட்டிய வாக்குமூலத்தில், துப்பாக்கியோடு தோட்டாவும் வைத்திருந்தார் என்றே இருந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1950-இல் தண்டனையை ரத்து செய்தது. தோட்டா பற்றி விடுதலை என்று ஒருமுறை தீர்ந்த பிறகு, அந்தத் தீர்ப்பு அரசையும் கட்டுப்படுத்தும் என்றது. சாம்பசிவம் தூக்கு மேடையிலிருந்து தப்பினார்.