பகலில் வாசகசாலை, மாலையில் டாக்கீஸ்

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி மேலவெளி வீதிக்கு வருகிறவர் கண்ணில் படும் விக்டோரியா எட்வர்டு மன்றம், ஒரு மகாராணியின் பெயரையும் அவருடைய புதல்வரின் பெயரையும் ஒருங்கே தாங்கி நிற்பதைக் காட்டிலும், நேர்மாறான இரண்டு காரியங்களை ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் நடத்திவந்தமைக்காகவே நம் நினைவுக்கு உரியது. பகற்பொழுதில் அது வாசகசாலை. பத்திரிகைத் தாள் புரள்வதே அங்கே பெரிய சப்தம். மாலையானால் அதே மன்றம் ரீகல் டாக்கீஸாகிவிடும். காலையில் மௌனமாகப் படித்துவிட்டுப் போனவரே இரவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, ஆங்கிலப் படத்தின் குதிரைக் குளம்போசையையும் துப்பாக்கி வெடியையும் கேட்க வந்து உட்காருவார்.

இன்று தம் வீட்டின் சிற்றறை ஒன்றைப் பிள்ளைகளின் படிப்பறையாகவும், விருந்தாளி வந்தால் படுக்கையறையாகவும், இரவில் ஹோம் தியேட்டராகவும் வைத்துக்கொள்ளக் கருதி, ஸ்பீக்கர்களைச் சுவருக்குள்ளேயே பதித்துவிடலாமா என்று கொத்தனாரிடம் ஆலோசிக்கும் மதுரைக்காரர், தாம் ஏதோ புதுமை செய்வதாக எண்ண வேண்டுவதில்லை. ஓர் இடத்துக்குப் பல பணி கொடுப்பதும், குரல் எங்கிருந்து புறப்பட வேண்டும் என்று யோசிப்பதும் இவ்வூருக்குப் பழக்கமான விஷயங்களே.

புராணத்திலிருந்தே தொடங்கலாம். வரகுண பாண்டியனின் அவையில் இசைவாது செய்ய வந்த ஏமநாதனை, அவைப் பாடகர் பாணபத்திரரின் பொருட்டுச் சோமசுந்தரப் பெருமான் வென்ற திருவிளையாடலை அறியாத மதுரைவாசி இல்லை. விறகு விற்பவராய் வந்த இறைவன் அரசவையில் ஏறிப் பாடவில்லை. ஏமநாதன் தங்கியிருந்த வீட்டின் திண்ணையில் அமர்ந்து பாடினார். பாட்டு வெளியே பிறந்து, சுவரைக் கடந்து, உள்ளே இருந்தவனின் கர்வத்தை அழித்தது. பாடுகிறவர் முகம் தெரியாமலே பாட்டு மனத்தைக் கொள்ளைகொள்ளும் என்பதை இக்கதையைக் காட்டிலும் அழகாகச் சொல்ல முடியாது.

சரித்திரத்துக்கு வருவோம். 1636-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமலை நாயக்கர் மஹால், அரச வைபவங்களுக்கென்று நிர்மாணிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு அதைச் செப்பனிடச் செய்தபின், மன்னர் கொலுவீற்றிருந்த மாளிகை ஜில்லா நீதிமன்றமாகி, 1970 வரையில் வக்கீல்களின் வாதங்களைக் கேட்டது. இப்போது மாலை நேரங்களில் அங்கே நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியில், நடிகர் ஒருவரும் தோன்றாமல் குரலும் விளக்கும் மட்டுமே சிலப்பதிகாரக் கதையைச் சொல்கின்றன. அரண்மனை, நீதிமன்றம், காட்சிசாலை என்று மூன்று பிறவி எடுத்த அக்கட்டடத்தின் உயர்ந்த வளைவுகளும் வழுவழுப்பான சுண்ணச்சாந்துச் சுவர்களும் கண்ணுக்கு விருந்தாயினும், காதுக்கு அவ்வளவு அனுகூலமானவை அல்ல. அத்தகைய பரப்புகள் ஓசையை விழுங்காமல் திருப்பித் திருப்பி அனுப்பும் இயல்புடையவை.

இந்தச் சிக்கலுக்கு முதலில் கணக்கு எழுதியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த வாலஸ் சபைன். அங்கே புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை என்ற புகாரை 1895-இல் ஏற்றுக்கொண்ட அவர், சொன்ன சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆவதைக் கண்டார். பக்கத்து நாடக மன்றத்தின் மெத்தைகளை இரவு நேரத்தில் சுமந்துவந்து ஒவ்வொன்றாகப் பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு முழக்கம் குறைகிறது என்று அளந்து பார்த்தே அவர் தம் சூத்திரத்தைக் கண்டறிந்தார். மெத்தையும் ஜமுக்காளமும் மனித உடலும் ஓசையை உண்ணும். கல்லும் சுண்ணாம்பும் கண்ணாடியும் உண்ணா. இதுவே அந்தச் சாஸ்திரத்தின் சாரம்.

மதுரைக்குத் திரும்புவோம். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்டும்படி பாடக்கூடிய சாரீரமே நடிகனுக்கு மூலதனம். 1931-இல் ‘காளிதாஸ்’ வந்து படம் பேசத் தொடங்கிய பின்னரே, குரல் மனிதத் தொண்டையை விட்டு யந்திரத்துக்குக் குடிபெயர்ந்தது. யந்திரத்தை எங்கே வைப்பது? நாயகனின் வாய் திரையில் அசையும்போது குரல் பக்கத்துச் சுவரிலிருந்து வந்தால் மாயை கலைந்துவிடும் அல்லவா? ஆகவே ஒலிபெருக்கியைத் திரைக்குப் பின்னால் மறைத்து, திரையிலே நுண்ணிய துளைகளிட்டு, ஓசைக்கு மட்டும் வழிவிட்டார்கள். ஸ்பீக்கரை ஒளித்துவைக்கும் கலைக்கு அதுவே பாலபாடம்.

பேசும் படத்தால் மதுரை செழித்தது. 1937-இல் வெளிவந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘சிந்தாமணி’ ஈட்டித்தந்த லாபத்தில் அப்படத்தின் பெயராலேயே ஒரு தியேட்டர் இங்கே எழுந்தது. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டர், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட இருக்கைகளோடு, ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று இவ்வூரார் மார்தட்டிக்கொள்ளும்படி நின்றது. அத்தகைய கூடத்தில் நூறு அடி தள்ளி உட்கார்ந்திருப்பவரை ஓசை சென்றடைய விநாடியில் பதினொன்றில் ஒரு பங்கு ஆகும். பன்னிரண்டு அடி அறையிலோ அது விநாடியில் நூற்றில் ஒரு பங்குதான். சிற்றறையில் எதிரொலிக்கு அவகாசமில்லை. அதற்குப் பதிலாகத் தாழ்ந்த சுருதிகள் மூலைகளில் தேங்கி, மிருதங்கத்தின் தொப்பியும் இடியோசையும் ஒன்றுபோல ‘கும்’மென்று முழங்கும்.

தியேட்டருக்கு வெளியிலும் குரல் வளர்ந்தது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவோ காதுகுத்தோ வந்தால், ரேடியோ செட்காரர் வேப்பமரத்தின் உச்சாணியில் குழாயைக் கட்டி, பிள்ளையார் பாட்டை முதலில் போட்டு, அடுத்த ஊருக்கும் சேதி சொல்லிவிடுவார். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையில் ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று எல்லையும் வகுத்தன. மரத்திலிருந்து இறங்கிய குரல் மெல்ல வீட்டுக்குள் நுழைந்தது.

வீட்டிலும் அதற்கு இடம் தயாராகவே இருந்தது. உண்பதும் உறங்குவதும் படிப்பதும் பெண் பார்ப்பதும் எல்லாம் நடக்கும் பட்டாசாலையின் சுவரில் விளக்குக்கென்று ஒரு மாடக்குழி உண்டு. வெளிச்சத்துக்குச் சுவரைக் குடைந்த அதே புத்திதான் ஓசைக்கும் சுவரைக் குடையச் சொல்கிறது. ஆனால் மாடக்குழி பிறந்தது கனத்த சுவரில். இக்காலத்து நாலரை அங்குலச் சுவர் ஸ்பீக்கரைத் தாங்காது. ஒன்பது அங்குலச் சுவரே வேண்டும். அதிலும் தூணையும் உத்திரத்தையும் தொடலாகாது. பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் பதித்தால், நம் வீட்டு இடியோசை அடுத்த வீட்டுக் குழந்தையை எழுப்பும்.

முன் ஸ்பீக்கர் இரண்டும் உட்கார்ந்தவரின் காதுக்கு நேர் உயரத்தில், நமக்கும் அவற்றுக்கும் உள்ள தூரமே அவற்றுக்கிடையிலும் இருக்கும்படி அமையட்டும். சூழொலிக்குரியவை சற்றே பின்தள்ளி, காதுக்கு ஓரடி மேலே இருக்கட்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் மூடிய பெட்டி வேண்டும். தாழ்சுருதிக்குரிய சப்-வூஃபரை மட்டும் பதிக்காமல் தரையில் விடுங்கள். மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்தே அதற்கு இடம் தேட வேண்டும். முகப்பை மறைக்கச் சன்னமான சுங்குடித் துணி போதும். துணியை வாயருகே பிடித்து ஊதினால் மூச்சு தடையின்றிப் போகிறதா என்று பார்த்தால், ஓசை போகுமா என்பது தெரிந்துவிடும். எதிர்ச்சுவரில் பிள்ளைகளின் புத்தக அலமாரியும், விருந்தாளிக்குரிய போடி இலவம்பஞ்சு மெத்தையும் இருந்தால், சபைன் சுமந்த மெத்தைகளின் வேலையை அவையே செய்துவிடும். அறையின் பகல் தொழில் இரவுத் தொழிலுக்கு இடைஞ்சல் அன்று, துணை.

படத்துக்கென்றே கட்டிய தங்கம் தியேட்டர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் துணிக்கடை வந்துவிட்டது. வாசகசாலைக்கு இடம்கொடுத்த மன்றமோ மேலவெளி வீதியில் இன்றும் நிற்கிறது. சிற்றறையில் பல காரியம் செய்யக் கருதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனத்தில் கொண்டு, முதலில் படிப்பு மேஜைக்கும் படுக்கைக்கும் இடம் குறித்துவிட்டு, எஞ்சிய சுவரில் குரலுக்கு இடம் தேட வேண்டும். ஒயருக்கான குழாயை மட்டும், மின்சாரக் குழாயிலிருந்து விலக்கி, பூச்சு வேலைக்கு முன்பே பதித்துவிடுங்கள்; ஸ்பீக்கர் வாங்குவதைத் தீபாவளி வரையில் ஒத்திப்போட்டாலும் குற்றமில்லை.