எட்வர்டு ரோஜா வந்த கதை

எட்வர்டு ரோஜா என்றதும் இங்கிலாந்து ராஜா பெயராக்கும் என்று நினைச்சுடாதீங்க. இது பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியன் தீவிலே பிறந்தது. அங்கே சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் வேலிக்கு நட்டார்கள். இரண்டும் கலந்து தானாக முளைத்தது இந்தச் செடி. 1819 வாக்கில் இதன் விதை பிரான்சுக்குப் போயிற்று. அடிக்கடி பூக்கும் குணம் சீனத்துச் சொத்து. மணம் டமாஸ்க் தந்தது. பெரிய பூ விடும் 'ஹைபிரிட் டீ' ரகங்கள் 1867-க்குப் பிறகு வந்தவை.

திருவண்ணாமலையிலே, ரமணாசிரமம் பக்கம் மலையடிவாரக் கல் பூமி, கோடையும் கடுமை. பெரிய பூ ரகங்களுக்குப் பக்குவம் அதிகம் வேண்டும். செடி பட்டுப்போனால் ஆசையும் விட்டுப்போகும். ஆகவே முதல் செடி எட்வர்டாக இருக்கட்டும். ஒன்றரை அடிக் குழியிலே 10 கிலோ மக்கிய தொழு உரமிட்டு நடுங்கள். ஐப்பசிக்கு மேல் கவாத்து செய்யுங்கள். பூஜைக்குப் பூவும் ஆச்சு, வாசலுக்கு மணமும் ஆச்சு!