வேலையில் நேரம் எங்கே?

பத்து கிலோ நூல்மூட்டையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வைத்தால், செய்த வேலை ஏறத்தாழ 98 ஜூல். சட்டென்று தூக்கினாலும் நிதானமாகத் தூக்கினாலும் கணக்கு மாறாது. விசையையும் அது நகர்த்திய தொலைவையும் பெருக்குவதே இயற்பியலின் வேலை. நேரத்துக்கு அங்கே இடமில்லை. அந்தக் கணக்குக்கு நாம் வைத்த பெயரோ நேரத்திலிருந்து கிளைத்தது. வேலையையும் வேளையையும் வடமொழி 'வேலா'வோடு சேர்ப்பது அகராதி மரபு. காலம், எல்லை, கரை என்பன அதன் பொருள்கள். கம்பன் பாட்டில் வேலை என்றால் கடல். உழைப்பு என்ற பொருள் பிற்பாடுதான் வலுத்தது.

இந்தச் சொற்பிறப்பை ஏற்காதவர்களும் பேச்சுவழக்கை மறுக்க முடியாது. 'அரை நாள் வேலை', 'நூறு நாள் வேலை' என்று வேலையை இன்றும் பொழுதால்தான் அளக்கிறோம். அப்படியானால் தவறான சொல்லையா எடுத்தோம்? 1916-இல் ராஜாஜி முதலானோர் அறிவியல் கலைச்சொற்களுக்காகச் சங்கம் கண்ட அதே சேலத்தில், அம்மாபேட்டைத் தறிகளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. கைத்தறியில் கூலி பெரும்பாலும் நெய்த சேலைக்குத்தான், உட்கார்ந்த நேரத்துக்கு அல்ல. பொழுதை ஒதுக்கிவிட்டு முடிந்ததை மட்டும் எண்ணும் வழக்கம் பாடநூலுக்கு முன்பே வேலைக்குள் இருந்திருக்கிறது. 1829-இல் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸும் உழைப்பைக் குறிக்கும் அன்றாடச் சொல்லையே இந்தப் பெருக்கற்பலனுக்குப் பெயராக்கினார். வினை, தொழில் என்ற பழஞ்சொற்கள் இருந்தனவே எனலாம். ஆனால் வினையை வேதியியல் எடுத்துக்கொண்டது, தொழில் பிழைப்பின் பெயராகிவிட்டது. ஆற்றல் விஷயத்தில் சிக்கலே இல்லை. பணியாற்று, உரையாற்று என்பவற்றில் 'ஆற்று' என்றால் செய். ஆற்றல் என்றாலே செய்யும் வல்லமை. வேலை செய்யும் தகுதி என்ற பாடநூல் வரையறை சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. இலங்கைப் பாடநூல்களின் 'சக்தி'யில் இந்த வசதி தமிழ்ச் செவிக்குத் தெரிவதில்லை.

சேலையின் அளவும் நெசவும் ஒன்றாகவே இருக்கட்டும். கைத்தறியில் நெசவாளர் உண்ட சோறும், மின்சாரத் தறியில் மேட்டூர் போன்ற நிலையங்களின் மின்சாரமும் ஆற்றல் தருகின்றன. பின்னது விரைவாக முடிக்கிறது. வெளியேற்றிய நேரம் இங்கே திரும்ப நுழைகிறது: நொடிக்கு எவ்வளவு வேலை என்பதே திறன். அந்தக் கணக்கில் விசைத்தறி எனப்படும் மின்சாரத் தறியைத் 'திறன்தறி' என்றல்லவா அழைக்க வேண்டும், கைத்தறிக்கும் விசை வேண்டுமே என்று இயற்பியல் ஆசிரியர் கேட்கலாம். கேள்வி நியாயம்தான், ஆனால் விசைக்குப் பாடநூல் பொருள் ஒன்று மட்டுமல்ல. வேகம், பொறி என்பனவும் அதன் பழைய பொருள்கள். விசைப்படகிலும் விசைத்தறியிலும் வாழ்வது அந்தப் பொறிதான். நியூட்டனின் விசைக்கு அங்கே உரிமை கிடையாது.