புட்டியின் மேல் அச்சிட்ட எண்

1938இல் நியூயார்க் நோய்க்குறியியல் அறிஞர் டாரத்தி ஆண்டர்சன், சீலியாக் நோயோடு குழம்பிக் கிடந்த ஒரு குழந்தைநோயைப் பிரித்துக்காட்டிக் ‘கணையத்தின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்றார். பின்னாளில் பெயரிலிருந்து கணையம் உதிர்ந்தது. ஆனால் கணைய நாளங்கள் அடைபட்ட நோயாளர்க்கு உணவுதோறும் நொதி வேண்டியிருந்தது.

பன்றிக் கணையப் பொடியின் ஆற்றலில் பெரும்பகுதியை இரைப்பை அமிலமே அழித்தது. 1970களின் இறுதியில் அமிலம் தாங்கும் உறையிட்ட நுண்மணிகள் வந்தன. பிறகு செறிவு கூட்டிய வகைகளும் வந்தன. லைபேஸ் அலகு கூடினால் நன்று என்ற எண்ணம் 1994இல் ஆட்டம் கண்டது. அவ்வகைகளை உட்கொண்ட குழந்தைகள் ஐவருக்குப் பெருங்குடல் குறுகியதை லிவர்பூல் மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் அறிவித்தனர். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10,000 அலகைத் தாண்டலாகாது என்னும் வரம்பு இதன்பின் வந்தது. குற்றம் அளவினதா, உறையினதா என்ற வாதம் தனிக்கதை.

எனக்கு இதனினும் வியப்பளிப்பது அமெரிக்கச் சட்ட வரலாறு. விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்கக் கோரிய சட்டமும் அதே 1938இல்தான் பிறந்தது! கணையச் சாறு அதற்கும் முந்தைய சரக்கு. எனவே ஒப்புதலின்றியே பல பதிற்றாண்டுகள் விலைபோயிற்று. நொதி நாள்பட நலியும் என்பதால் குறித்த அளவுக்கு மேலாகவே நிரப்பும் வழக்கமும் இருந்தது. ஒரே எண் தாங்கிய இரு புட்டிகள் ஒரே ஆற்றலுடையன அல்ல. அந்த எண்ணை நம்பியே பெற்றோர் பிள்ளைகளுக்கு அளவு கணித்தனர். 2004இல் எஃப்.டி.ஏ. ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 2009இல் கிரியான் ஒப்புதல் பெற்றது. பெறாதவை அடுத்த ஆண்டு சந்தையிலிருந்து விலக நேர்ந்தது.